ஜாடிக்குள் இருந்த வாய்

பல் செட்டைக் கழற்றி டம்ளர் தண்ணீரில் போட்டுவிட்டுப் படுக்கிற வயதுக்கு வந்துவிட்டவர்களே, இது உங்களுக்குத்தான். சிறுசுகள் படித்தால் படிக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் பார்த்துவிடுவாரோ என்று வாயைப் பொத்திக்கொண்டு மெல்லுகிற அவஸ்தை அவர்களுக்குத் தெரியாது. போன மாதம் ஒரு விருந்தில் என்னுடைய கீழ்ச் செட்டு கழன்று பாயசத்துக்குள் விழப் பார்த்தது. கர்சீப்பால் வாயை மூடிக்கொண்டு பாதிப் பந்தியில் எழுந்து வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து மேசையில் தனியாக உட்கார்ந்து ரசம் சாதத்தைக் கரைத்துக் குடிக்கும்போது அப்பா ஞாபகம் வந்தது. ஞாபகம் வந்தது என்பதும் ஒரு பேச்சுக்குத்தான். அது எங்கே போனது, திரும்பி வருவதற்கு?

காரைக்காலில் எங்கள் வீட்டுக்குச் சொல்தா வீடு என்று பெயர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து கடல் தாண்டிப் போனவர்களை அப்படித்தான் சொல்வார்கள். என்னைப் பெற்றுப் போட்ட கையோடு அம்மா இறந்துபோனாள். லீவில் வந்திருந்த அப்பா அடக்கத்தை முடித்துவிட்டு, என்னைத் தன் அக்காவின் மடியில் போட்டுவிட்டுக் கப்பலேறிவிட்டார். அந்த அத்தைதான் என்னை வளர்த்தார். வெள்ளிப் பாலாடையில் பசும்பாலை ஊற்றி ஊற்றியே வளர்த்தேன் என்று வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் சொல்வார். பாலாடை தெரியாத பேரப்பிள்ளைகள் யாராவது பக்கத்தில் இருந்தால் சொல்லிவிடுங்கள்: கைக்குழந்தைக்குப் பால் புகட்டுகிற சின்னக் கிண்ணம், ஒரு பக்கம் மூக்கு நீண்டிருக்கும்.

எங்கள் வீட்டில் தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிற வழக்கம் இல்லை. அப்பா பட்டாளத்துச் சம்பளத்தில் வாங்கிப் போட்ட தேக்கு மேசை ஒன்று இருந்தது. அதன் தலைமாட்டில் கை வைத்த நாற்காலி. அது அப்பா நாற்காலி. அதில் யாரும் உட்காரக் கூடாது. அத்தை தினமும் அதைத் துடைப்பார், நான் தினமும் அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவேன். பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகள் எங்கப்பா அடிச்சார், எங்கப்பா மிட்டாய் வாங்கினார் என்று சொல்லும்போது, எனக்குச் சொல்வதற்கு ஒரு நாற்காலிதான் இருந்தது. அப்பா வந்து அதில் உட்கார்ந்து என்னோடு ஒரு வேளை சாப்பிட வேண்டும். வேறு எதையும் நான் மாதாவிடம் கேட்டதில்லை.

பட்டாளத்தை விட்ட பிறகு அவர் அங்கேயே ஏதோ ஒரு ஊரில் மியூசியத்தில் காவல் வேலை பார்க்கிறார் என்று லீவில் வந்த இன்னொரு சொல்தா சொன்னார். அத்தை அதை ஊருக்குச் சொல்லும்போது காவல் அதிகாரி ஆக்கிவிட்டார். பிறகு அப்பாவுக்கு வாயில் புண் என்று தகவல் வந்தது. பிறகு ஆபரேஷன் என்று வந்தது. நான் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது, பொங்கல் கழிந்த கொஞ்ச நாளில் அப்பாவே வந்துவிட்டார்.

கார் வந்து நின்றதும் ஓடினேன். இறங்கியவர் உயரமாக இருந்தார். மூக்குக்குக் கீழே சாம்பல் நிற மஃப்ளரைச் சுற்றியிருந்தார். காரைக்கால் வெயிலில் மஃப்ளர் சுற்றிய ஆளை நான் அன்றுதான் பார்த்தேன். அவர் கண்கள் மட்டும் என்னைப் பார்த்தன. என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார் என்று நின்றேன். கூப்பிடவில்லை. அத்தையைப் பார்த்து "அக்கா" என்றார், தெளிவாக. என்னைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை.

அது ஏன் என்று இப்போது எனக்குத் தெரியும். கீழ்த்தாடையை முழுக்க எடுத்துவிட்டார்கள். கீழ் உதடு நிற்க இடம் இல்லை. தொண்டையிலிருந்து வருகிற சொற்கள் மட்டும்தான் அவருக்கு மிச்சம். அக்கா என்று சொல்லலாம். பாப்பா என்று சொல்ல முடியாது, என் பெயரையும் சொல்ல முடியாது. ஆனால் அன்று எனக்கு இதெல்லாம் யார் சொன்னார்கள்? அக்காவை மட்டும் கூப்பிடுகிறார், என்னைப் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். கிணற்றடியில் போய் அழுதேன்.

அன்று மதியம் அப்பா நேராக வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். அத்தை பதறிப்போய் ஓடிவந்தார்.

"தம்பி, நீ ரூம்ல வச்சு சாப்புடுடா. கொழந்த பயந்துடும்."

அப்பா என்னைப் பார்த்தார். நான் பயந்துதான் இருந்தேன், ஆனால் அவரைப் பார்த்து இல்லை. எங்கே எழுந்துவிடுவாரோ என்று பயந்தேன். அந்தப் பயத்தை அவர் எப்படிப் படித்தாரோ, எழுந்து அறைக்குள் போய்விட்டார். அத்தை கஞ்சியை வடிகட்டி, கூடவே என் பாலாடையையும் எடுத்துப்போய் உள்ளே வைத்துவிட்டு வந்தார். கதவு சாத்தப்பட்டது. அன்றிலிருந்து ஒவ்வொரு வேளைக்கும் அந்தக் கதவு சாத்தப்பட்டது.

அத்தையைக் குறை சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். அந்த வீட்டில் யாரும் யாரையும் நோகடிக்கவில்லை. எல்லோரும் எல்லோருக்கும் நல்லது செய்துகொண்டிருந்தார்கள், அதுதான் கொடுமை. அத்தை எனக்காகக் கதவைச் சாத்தினார். அப்பா எனக்காக உள்ளேயே இருந்தார். என்ன ஆயிற்று, எப்படி இருக்கிறது என்று யாரும் வாய் திறந்து கேட்கவில்லை, கேட்டால் மனசு கஷ்டப்படுமாம்.

அப்பா கொண்டுவந்த பெட்டியில் இரண்டு விசித்திரமான பொருள்கள் இருந்தன. வேலையை விட்டு வரும்போது மியூசியத்துக்காரர்கள் கொடுத்தனுப்பியவை. ஒன்று, சாக்குக்கட்டி போல வெள்ளையாக, குதிரை லாடத்தின் வடிவத்தில் ஒரு தலை. உச்சியில் இரண்டு கண் ஓட்டைகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. இன்னொன்று, மூடியை மெழுகு வைத்து அடைத்த கண்ணாடி ஜாடி. உள்ளே மஞ்சளித்துப்போன சாராயம். அதில் ஒரு வாய்.

வாய் என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு ஜாண் நீளத்துக்குச் சதை, பின்பக்கம் நறுக்கிவிட்டது போல இருந்தது. முன்பக்கம் வட்டமாகக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு, உள்ளே வளையம் வளையமாகப் பற்கள். மேல் தாடையும் இல்லை, கீழ்த் தாடையும் இல்லை. மூடவே தெரியாத வாய். பெயர் எழுதி ஒட்டியிருந்த காகிதம் ஊறி, எழுத்தெல்லாம் கரைந்துபோயிருந்தது.

அப்பா அந்த இரண்டையும் கூடத்து மாடத்தில், மேசைக்கு எதிரே வைத்தார். அத்தை ஜாடியைப் பார்த்ததும் சிலுவை போட்டுக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். "என்ன தம்பி இது" என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எங்கள் வீட்டு வழக்கத்தைத்தான் சொன்னேனே.

அந்த வருடம் ஒரு அதிசயம். எங்களுக்குத் தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதன், மறுநாளே பக்கத்து வீட்டில் முதல் நோன்பு. பக்கத்து வீட்டு லாத்தா பட்டினத்திலிருந்து வாழ வந்தவர். திருமலைராயன்பட்டினத்தை நாங்கள் பட்டினம் என்றே சொல்வோம். அவர் வீட்டுக்காரர் சிங்கப்பூரில் யாவாரம். லாத்தா என்றால் அக்கா, தெருவே அவரை அப்படித்தான் கூப்பிடும். மனதில் பட்டதைப் பட்டென்று கேட்கிற ஒரே ஆள் அவர்தான். முதல் நோன்பு அன்று சாயங்காலம் தூக்கில் கஞ்சியோடு கொல்லைப் பக்கமாக வந்தார்.

"அண்ணனுக்குத் தாடைய எடுத்துட்டாங்களாமே? மெல்ல வேணாம்ல, நோம்புக் கஞ்சி சரியா இருக்கும். தெனம் தர்றேன்."

அத்தைக்கு முகம் செத்துப்போயிற்று. "மெதுவாப் பேசும்மா, காதுல விழப்போவுது."

"காதையுமா எடுத்துட்டாங்க? விழட்டுமே, என்ன இப்ப?"

அறைக்குள்ளிருந்து ஒரு சத்தம் கேட்டது. கனைப்பா, சிரிப்பா, தெரியவில்லை. வெள்ளிக்கிழமைகளில் எங்களுக்குக் கறி ஆகாது என்று லாத்தா எங்கள் தூக்குக்கு மட்டும் கறி போடாமல் தனியாகக் காய்ச்சிக் கொடுத்தார். பூண்டும் வெந்தயமும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த அந்த வாசனை அப்பா அறையின் கதவிடுக்கில் வரும். கதவுக்கு இந்தப் பக்கம் நின்று முகர்ந்துகொண்டிருப்பேன்.

தினமும் மதியம் அத்தை கண்ணயர்ந்த பிறகு அப்பா வெளியே வருவார். மஃப்ளரைச் சரிசெய்துகொண்டு மாடத்துக்குப் போவார். ஒரு வெள்ளைத் துணியால் ஜாடியைத் துடைப்பார், பிறகு அந்த லாடத் தலையைத் துடைப்பார். துடைத்துவிட்டு இரண்டடி பின்னால் வந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு விறைப்பாக நிற்பார். பார்க்க வந்த கூட்டம் எதையும் தொட்டுவிடாமல் காவல் காக்கிற மாதிரி. கூட்டம் என்று நான் ஒருத்திதான். மேசையில் கணக்குப் போடுகிற சாக்கில் உட்கார்ந்திருப்பேன்.

ஒருநாள் துணிந்து எழுந்து பக்கத்தில் போனேன். அப்பா நகரவில்லை. ஜாடியைப் பார்த்து, "இது என்ன?" என்று கேட்டேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இரண்டு கையாலும் ஜாடியைப் பிடித்து மெள்ளத் திருப்பினார்.

அந்தப் பக்கத்தில் ஒரு கண் இருந்தது. கண்ணுக்குப் பின்னால் புல்லாங்குழலில் போட்டது போல வரிசையாக ஏழு ஓட்டைகள்.

"மீனா?" என்றேன்.

அப்பா தலையாட்டினார். என் சிலேட்டை எடுத்து எழுதினார். அவருடைய தமிழெழுத்து பள்ளிக்கூடப் பிள்ளை எழுத்து மாதிரி உடைந்து உடைந்து இருந்தது. 'மீன். தாடை இல்லை' என்று எழுதிவிட்டு, மஃப்ளரைத் தொட்டுக் காட்டினார். அப்பா என்னிடம் சொன்ன முதல் செய்தி அது. பக்கத்தில் நின்றதில் அவர் சட்டையில் மருந்து வாசனையும் நோன்புக் கஞ்சி வாசனையும் வந்தன. அப்பா வாசனை என்றால் எனக்கு இன்றைக்கும் அதுதான்.

பிறகு லாடத் தலையை எடுத்து என் கையில் வைத்தார். சுண்ணாம்பில் வார்த்த பொம்மைதான், அசல் கல்லாகிப்போய் மியூசியத்தில் இருக்கிறதாம். அதுவும் மீன். அதற்கும் தாடை இல்லை. தலை முழுக்க எலும்புக் கவசம். 'எல்லாம் செத்துப்போச்சு. ரொம்ப ரொம்ப காலம் முன்னாடி' என்று எழுதினார். ஜாடியைக் காட்டி, 'இது இருக்கு. ஆத்துல இருக்கு' என்று எழுதினார்.

கவசம் போட்டது செத்துப்போய், ஒன்றுமே இல்லாத இந்தக் கொழகொழப்பு மட்டும் எப்படிப் பிழைத்தது என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. எனக்கு வேறு கவலை.

"தாடை இல்லாம எப்புடிச் சாப்புடும்?"

அப்பா எழுதினார்: 'இன்னொரு மீனோடு ஒட்டிக்கிட்டு.'

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "அப்ப நீங்களும் எங்கூட ஒட்டிக்கிட்டுச் சாப்புடுங்கப்பா. நாற்காலி சும்மாத்தான கெடக்குது" என்றேன்.

அப்பா சிலேட்டைத் துடைத்தார். நன்றாகத் துடைத்துவிட்டு, எதுவும் எழுதாமல் மேசைமேல் வைத்துவிட்டு அறைக்குள் போய்விட்டார். தப்பாகக் கேட்டுவிட்டோமே என்று உட்கார்ந்திருந்தேன். உள்ளே அவர் அழுதிருப்பார் என்று இந்த வயதில் தெரிகிறது. அன்று கோபம் என்று நினைத்தேன்.

அந்த வாரம் அத்தையோடு மீன் மார்க்கெட்டுக்குப் போனபோது கூடை கூடையாகக் குனிந்து ஒவ்வொரு மீனின் வாயையும் பிளந்து பார்த்தேன். கெளுத்திக்குத் தாடை இருந்தது. வாளைக்குத் தாடையும் பல்லும் இருந்தன. கண்டிப்பாக இருக்காது என்று நம்பியிருந்த விலாங்குக்கும் இருந்தது.

"என்னடி தேடுற, மோதிரம் கீதிரம் உளுந்துடுச்சா?" என்றார் மீன்காரம்மா.

"தாடை இல்லாத மீன் இருக்குங்களா?"

"தாட இல்லாத மீனா? எல்லாம் வாயத் தொறந்துக்கிட்டுத்தான் செத்துக் கெடக்குது, நல்லாப் பாரு!"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அத்தை மட்டும் சிரிக்கவில்லை. தாடை என்ற சொல்லை நான் சந்தையில் வைத்துச் சொன்னதே அவருக்குப் பொறுக்கவில்லை. கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். வழியெல்லாம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார். அவர் மனதில் அதற்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு அது தெரியாது.

அப்பாவை ஈஸ்டர் முடிந்ததும் திரும்பக் கூப்பிட்டிருந்தார்கள். அங்கே ஆஸ்பத்திரியில் புற்றுக்கு வைக்கிற கரண்ட் வைத்தியம் பாக்கி இருந்தது. அதற்குள் அந்த நாற்காலியில் அவர் உட்காருவாரா மாட்டாரா என்பதே என் தவக்காலம். மதிய வேளைகளில் ஜாடியின் முன்னால் சேர்ந்து நிற்போம். அவர் துடைப்பார், நான் துணியை வாங்கி மடித்து வைப்பேன். மேசைக்கு மட்டும் வரமாட்டார்.

ஒரு தவக்கால வெள்ளியில் சிலுவைப் பாதைக்கு அத்தை கூடையோடு கிளம்பினார். கூடைமேல் வெளுத்த துணி மூடியிருந்தது. ஏழைகளுக்கு ஏதாவது எடுத்துப்போவார், அதனால் நான் கேட்கவில்லை. மறுநாள் மதியம் அப்பா துணியோடு மாடத்துக்கு வந்தார். லாடத் தலை மட்டும் இருந்தது. ஜாடி இருந்த இடத்தில் வட்டமாகத் தூசி படாத தடம் மட்டும் இருந்தது.

அப்பா மாடத்துக்கு மேலே பார்த்தார், கீழே பார்த்தார். முட்டி போட்டு மேசைக்கு அடியில் பார்த்தார். சிலேட்டில் 'எங்கே' என்று எழுதிக் காட்டினார். எனக்கே தெரியாது. அத்தையை எழுப்பிக் கேட்டேன்.

"எனக்கு என்ன தெரியும்? பூன தள்ளியிருக்கும்" என்றார் அத்தை. சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

கண்ணாடிச் சில்லு ஒன்றுகூடக் கிடக்கவில்லை. சாராய வாடையும் இல்லை. அப்பா அத்தையையே பார்த்துக்கொண்டு நின்றார். அருவருத்துப்போய்த் தூக்கி எறிந்துவிட்டார்கள் என்று நினைத்திருக்கிறார். ஜாடியை எறிந்தவர்களுக்குத் தன்னையும் பார்க்கச் சகிக்காது என்று நினைத்திருக்கிறார். அதன்பிறகு மதியங்களில் அவர் வெளியே வரவில்லை. நான் தனியாகப் போய் லாடத் தலையைத் துடைத்துவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பேன். கதவு திறக்காது. அவர் வருவதற்கு முன்னால் அந்த வீட்டில் நான் தனியாக இருந்ததைவிட, அவர் கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தபோது இருந்த தனிமைதான் பெரிது. பெரிய வெள்ளி வந்தது, போனது.

ஈஸ்டர் அன்று பூசைக்கும் அப்பா வரவில்லை. நாங்கள் திரும்பி வந்தபோது கூடத்தில் பெட்டியைத் திறந்து வைத்துச் சட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். கப்பலுக்கு இன்னும் நாள் இருந்தது. லாத்தா கிண்ணம் நிறைய வட்டிலாப்பம் கொண்டுவந்திருந்தார். முட்டையும் தேங்காய்ப்பாலும் போட்டு ஆவியில் வேகவைத்தது, வாயில் வைத்தால் தானே கரையும்.

"தவக்காலம்தான் முடிஞ்சிபோச்சே, முட்ட ஆகும்ல? அண்ணனுக்கு மெல்லற வேல இல்ல" என்றார். பெட்டியைப் பார்த்துவிட்டு, "என்ன, இப்பவே கட்டுறாங்க? என்ன கோவம்?" என்று கேட்டார்.

கேட்டாரே, அந்த ஒரு கேள்வி போதும். அப்பா எழுந்து மாடத்துக்குப் போய், ஜாடி இருந்த வட்டத்தில் விரலை வைத்துத் தட்டினார். தட்டிவிட்டு அத்தையைப் பார்த்து, "அக்கா" என்றார். அவ்வளவுதான் அவரால் முடியும். அத்தை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"தேடாத தம்பி. பத்தரமா இருக்குது. தூக்கிப் போடல. பொதைச்சிட்டேன்டா."

"எதைப் பொதைச்சீங்க?" என்றார் லாத்தா.

"அவன் வாயைத்தான்!" அத்தை தலையில் அடித்துக்கொண்டார். "வெட்டி எடுத்த வாயை ஜாடியில வச்சு நடுக்கூடத்துல வச்சிருக்கான், நான் எப்புடிச் சோறு திங்கறது? நெடுங்காட்டு ரைஸ்மில்லுல பெல்ட்டுல மாட்டிக் கை போனவனோட கையக்கூட மந்திரிச்சுக் கல்லறையிலதான பொதைச்சாங்க? கடைசி நாள்ல எக்காளம் ஊதறப்ப எல்லாரும் முழுசா எந்திரிப்பாங்க, இவன் மட்டும் தாடை இல்லாம எந்திரிச்சா இவன் பொண்டாட்டிக்கு மூஞ்சி தெரிய வேணாமா? கோயில் உபதேசியாரக் கூட்டிக்கிட்டுப் போயி, அவ கல்லறையிலேயே, அவ தலமாட்டுல வச்சிட்டேன். செபமெல்லாம் சொல்லித்தான் வச்சோம்."

நான்தான் கத்தினேன்.

"ஐயோ அத்தே! அது மீனு!"

"என்னடி ஒளறுற?"

"மீனு அத்தே! தாடை இல்லாத மீனு! அந்தப் பக்கம் கண்ணு இருக்கும், ஏழு ஓட்டை இருக்கும். அப்பா காட்டுனாங்க. நீங்க திருப்பியே பாக்கலியா?"

அத்தை என்னைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். "மீனுக்கா உபதேசியார் செபம் சொன்னாரு?" என்றார் மெதுவாக.

அப்போது அப்பா சிரித்தார். தாடை இல்லாதவர் சிரித்து நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். தொண்டையிலிருந்து கக்கக்க என்று ஒரு சத்தம் புறப்பட்டு, தோள் குலுங்கி, வயிறு குலுங்கி, மாடத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். லாத்தா முக்காட்டுக்குள் சிரித்தார். அத்தை அழுதுகொண்டே சிரித்தார். சிரித்த சிரிப்பில் அப்பாவின் மஃப்ளர் அவிழ்ந்து தோளில் விழுந்தது.

பார்த்தேன். மூக்குக்குக் கீழே மேல் உதடு, அதற்குக் கீழே தையல் தையலாகச் சுருங்கிய தோல், அது நேரே கழுத்தில் இறங்கியது. எச்சில் வழிந்துகொண்டிருந்தது. எனக்குப் பயம் வரவில்லை என்று பெருமைக்காகச் சொல்லவில்லை. ஜாடியைப் பார்த்துப் பார்த்துப் பழகியவளுக்கு அது புதிதாக இல்லை. அப்பா சட்டென்று மஃப்ளரைத் தேடிக் கையை உயர்த்தினார். நான் போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன். நாற்காலிவரை இழுத்துக்கொண்டு போனேன், உட்கார்ந்துவிட்டார்.

அத்தை வாயைத் திறந்தார். "கொழந்த..." என்று ஆரம்பித்தார்.

"கொழந்ததான இழுத்துக்கிட்டுப் போவுது! நீங்க சும்மா இருங்க" என்றார் லாத்தா.

வட்டிலாப்பத்தைப் பாலில் கரைத்து என் பாலாடையில் ஊற்றினேன். அப்பா தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டார். பாலாடையின் மூக்கை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அவரே என் மணிக்கட்டைப் பிடித்து நாக்கின் ஓரத்தில் கொண்டுபோய் வைத்தார். பாதி உள்ளே போனது, பாதி சட்டையில் வழிந்தது. ஒரு வாய் அவருக்கு, ஒரு வாய் எனக்கு. அன்றைக்கு எங்கள் மேசையில் அப்பா நாற்காலியில் அப்பா இருந்தார்.

ஜாடியைத் தோண்டி எடுத்துவிடலாம் என்று அத்தை எழுந்தார். அப்பா கையை ஆட்டி வேண்டாம் என்றார். அம்மா தலைமாட்டில் இருக்கட்டும் என்று நினைத்தாரோ என்னவோ, எழுதிக் காட்டவில்லை. கிளம்பும் நாள் வரைக்கும் மூன்று வேளையும் மேசையிலேயே சாப்பிட்டார். போகும்போது லாடத் தலையை என் கையில் கொடுத்தார். காரில் ஏறிக் கண்ணாடியில் முகத்தை வைத்து அழுத்திக்கொண்டார், மஃப்ளர் இல்லாமல். கார் திரும்புகிறவரை அப்படியே இருந்தார்.

அப்பா திரும்பி வரவில்லை. அடுத்த குளிர்காலத்தில் அங்கேயே ஆஸ்பத்திரியில் இறந்து, அங்கேயே எங்கோ அடக்கமாகிவிட்டார் என்று லீவில் வந்த ஒருவர் வந்து சொன்னார். எந்தக் கல்லறை, எந்த வரிசை என்று அவருக்குத் தெரியவில்லை. அத்தை அழுது முடித்துவிட்டு, கல் கொத்துகிற ஆளைக் கூப்பிட்டு, அம்மா கல்லறையில் அம்மா பெயருக்குப் பக்கத்தில் அப்பா பெயரையும் கொத்தச் சொன்னார்.

"அங்க அப்பா இல்லையே அத்தே" என்றேன்.

"அவன் கையால தெனம் தொடைச்ச சாமான் இருக்குல்ல? ஒண்ணுமே இல்லாம பேரு கொத்துனாத்தான் தப்பு" என்றார்.

பின்னால் நான் கல்லூரியில் விலங்கியல் எடுத்தேன். ஏன் என்று கேட்டவர்களுக்கு வாய்க்கு வந்ததைச் சொன்னேன். முதல் வருடம் லேபில் அலமாரியைத் திறந்தால் ஜாடிக்குள் அதே வட்ட வாய். லாம்ப்ரே என்று எழுதியிருந்தது. பக்கத்து ஜாடியில் அதன் உறவு, ஆழ்கடலில் செத்த மீன்களைக் குடைந்து தின்கிற ஹேக்ஃபிஷ். தாடையில்லாத மீன்களில் இன்று மிச்சம் இந்த இரண்டு கூட்டம்தான், கவசம் போட்ட மற்றவை எல்லாம் கல்லாகிவிட்டன என்று மேடம் சொல்லிக்கொண்டு போனார். கூடப் படித்தவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். நான் கர்சீப்பால் ஜாடியைத் துடைத்தேன். "அதெல்லாம் அட்டெண்டர் செய்வாரும்மா" என்றார் மேடம்.

லாடத் தலை ஒரு புயல் வெள்ளத்தில் நனைந்து, மாவாகக் கரைந்துபோயிற்று. அத்தை போய்ச் சேர்ந்தார். லாத்தா பிள்ளைகளோடு சிங்கப்பூர் போய்விட்டார். மேசை இருக்கிறது, நாற்காலி இருக்கிறது, பாலாடை இருக்கிறது. விருந்திலிருந்து வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து வந்த அன்று, கரைத்த ரசம் சாதத்தை டம்ளரில் குடிக்காமல் பாலாடையில் ஊற்றிக் குடித்தேன். அப்பா நாற்காலியில் உட்கார்ந்துதான் குடித்தேன். எதிரே ஆள் இல்லாமல் பாலாடையில் குடிப்பது எவ்வளவு கேவலமாக இருக்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அவர் எத்தனை வேளை அந்தக் கதவுக்குள் அப்படிக் குடித்தார். இனி யாராவது விருந்துக்குக் கூப்பிட்டால் போவேன். பல் விழுந்தால் விழட்டும், எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு சாப்பிடுவேன். நீங்களும் போங்கள்.

ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் போய் மெழுகுவர்த்தி ஏற்றுகிறேன். கல்லில் இருக்கிற இரண்டு பெயரில் ஒருவர் அங்கே இல்லை. அவர் துடைத்த மீன் இருக்கிறது. எனக்கும் அதே கல்லறைதான், சொல்லி வைத்துவிட்டேன். குழி வெட்டும்போது ஒரு ஜாடி வரும். உள்ளே பல்லும் சதையுமாக ஒரு வாய் தெரியும். பயந்துபோய்த் தூக்கி எறிந்துவிடாதீர்கள். ஒரு தடவை திருப்பிப் பாருங்கள், கண் இருக்கும். பார்த்துவிட்டு, முடிந்தால் துணியால் துடைத்து, என் பக்கத்தில் வையுங்கள்.